ரன்னிங் சர்வே: ‘ஓட்ட அளவை’யா, ‘போக்களவை’யா?

> ரன்னிங் சர்வே என்பதற்கு ‘ஓட்ட அளவை’ என்றே வைத்துக்கொள்ளலாம். கப்பலை ஓட்டுகிறோம் அல்லவா?

ஓட்டுகிறோம், ஐயா. கப்பலை நிறுத்தாமல் போய்க்கொண்டே கரையை அளந்து வரைபடமாக்கும் முறைதானே ரன்னிங் சர்வே. ஆனால் கடல் பக்கம் வந்துவிட்டால் ‘ஓட்டம்’ என்றதும் நீரோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘ஓட்ட அளவை’ என்று படிப்பவர், நீரோட்டத்தின் வேகத்தை அளக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறைக்கு நீரோட்டமே பெரிய எதிரி. கப்பல் நிற்பதில்லை. கரையில் ஒரு முனை தெரிந்ததும் திசைகாட்டியில் அதன் திசைக்கோணத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். சில மைல் போனபின் அதே முனையை மறுபடி பார்த்துக் குறிக்கிறார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் முனை. இடையில் கப்பல் போன தொலைவுதான் ஆதாரக் கோடு. அதைக் கணிக்கக் கப்பலின் வேகம் தெரியவேண்டும்; அதற்கு, நுனியில் கட்டை கட்டிய முடிச்சுக் கயிற்றைக் கடலில் வீசி, ஏறத்தாழ அரை நிமிட மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போயிற்று என்று எண்ணினார்கள். கட்டையும் கப்பலும் ஒரே நீரோட்டத்தில் இழுபட்டால் கயிறு அதைக் காட்டாது. ஆதாரக் கோட்டில் பிழை வந்தால் வரைபடத்தில் கரையே நகர்ந்துவிடும். அந்த எதிரியின் பெயரையா முறைக்குச் சூட்டுவது?

என் முன்மொழிவு ‘போக்களவை’. போகிற போக்கில் அளப்பது. அலட்சியத் தொனி வருகிறதே என்பீர்கள். கொஞ்சம் வரட்டும். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் 1769 அக்டோபர் முதல் 1770 மார்ச் வரை எண்டவர் கப்பலில் நியூசிலாந்தைச் சுற்றிவந்து, ஏறத்தாழ 2,400 மைல் கரையை வியக்கும்படி வரைந்தார். ஆனாலும் பேங்க்ஸ் தீபகற்பத்தைத் தீவு என்று போட்டுவிட்டார். மலைகள் தெரிந்தன, அவற்றை நிலத்தோடு சேர்க்கும் தாழ்ந்த சமவெளி கப்பலிலிருந்து தெரியவில்லை. தெற்கே ஸ்டூவர்ட் தீவையோ தீபகற்பம்போல் காட்டினார். நின்று பார்க்காமல் கடந்துபோகும் முறைக்கே உரிய பிழைகள் இவை. சொல்லிலும் அந்த அவசரம் ஒலித்தால் குறையில்லை.

இதே குக், 1763 முதல் 1767 வரை நியூஃபவுண்ட்லாந்தில் கரையிறங்கி, தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியை வைத்து முக்கோணம் முக்கோணமாக அளந்தவர். அதை ‘நிலையளவை’ எனலாம். போக்களவைக்கு நல்ல இணை.

புள்ளியியல்காரர்கள் ‘போக்கு’ (டிரெண்ட்) தங்களுடையது என்று வழக்குக்கு வரக்கூடும். அகராதிப் பதிவில் ‘கடல்.’ என்று துறைக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது. ‘செல்கல அளவை’ என்று பரிந்துரைத்த நண்பர் அதை மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம்.