ட்வெல்வ் அபோசல்ஸ் பாறைகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்த அம்மாவை ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து, கடலில் தூண்களாக நிற்கும் இந்தப் பாறைகள் உள்ள போர்ட் கேம்ப்பெல் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வேண்டுமென்றே கடலோரச் சாலையைப் பிடித்தேன். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை உழைத்து அமைத்த சாலை அது. அரை நாள் போய்விடும், போகட்டும்.

பார்வை மேடைக்கு வந்ததும் அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "பெயரில் பன்னிரண்டு என்றாயே, மீதி எங்கேம்மா?" என்றார். பன்னிரண்டு என்றைக்குமே இருந்ததில்லை. தாய்ப்பன்றியும் குட்டிகளும் என்பதுதான் இந்தப் பாறைகளின் பழைய பெயர். ட்வெல்வ் அபோசல்ஸ், அதாவது பன்னிரு திருத்தூதர் என்ற பெயர் வந்தபோது இருந்தவை ஒன்பது. 2005 ஜூலையில் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று சில நொடிகளில் சரிந்தது. இப்போது எட்டு.

சரிந்த இடத்தில் கிடக்கும் கற்குவியலைக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த நேரத்தில் கீழே யாராவது இருந்தார்களா?" இல்லை என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது.

அப்போதுதான் அந்த இளைஞனைப் பார்த்தோம். படம் எடுப்பதற்காகத் தடுப்பைத் தாண்டி விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அம்மா உரக்க, "தம்பி, இந்தப் பக்கம் வா!" என்று தமிழிலேயே கூப்பிட்டார். அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் குரல் புரிந்துவிட்டது, திரும்பி வந்தான்.

அம்மாவின் பயம் எவ்வளவு நியாயமானது என்பது கடற்கரைக்குப் போகும் கிப்சன் படிகளில் இறங்கியபோது எனக்கு விளங்கியது. 86 படிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே புல் முளைத்து உறுதியாகத் தெரிந்த விளிம்பு பல இடங்களில் அடியில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகிய மென்மையான சுண்ணாம்புப் பாறை அது. அலை முதலில் குகை குடைகிறது. இருபுறக் குகைகளும் சந்தித்தால் வளைவு; வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண். பிறகு தூணின் காலையே அரிக்கிறது. தயவுசெய்து யாரும் தடுப்பைத் தாண்டாதீர்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் படிகளில் இறங்கவும் வேண்டாம்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். நாங்கள் இருட்டும்வரை இருந்தோம். சிறிய பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறின. அம்மா என் கையைப் பிடித்தபடி, குரலே எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமொழி 1

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அங்கிருந்து சற்று மேற்கே 'லண்டன் ஆர்ச்' இருக்கிறது. முன்பு அது கரையோடு ஒட்டிய இரட்டை வளைவு, பெயரும் லண்டன் பிரிட்ஜ். மக்கள் அதன்மேல் நடந்தே போவார்கள். 1990 ஜனவரி 15 அன்று கரைப்பக்க வளைவு இடிந்து விழ, இருவர் கடல்பக்கத் துண்டில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர்தான் மீட்டது. அந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றபோது என் உள்ளங்கை வியர்த்தது.

மறுமொழி 2

லாக் ஆர்ட் பள்ளத்தாக்கை விட்டுவிடாதீர்கள். 1878 ஜூன் 1 அன்று, இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் அங்கே பாறைத்தீவில் மோதி மூழ்கியது. 54 பேரில் பிழைத்தவர்கள் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இரண்டு இளவயதினர் மட்டுமே. ஈவாவின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தக் கடலோடு போனார்கள்.

நான் 2008இல் போனபோது அருகில் 'ஐலண்ட் ஆர்ச்வே' முழு வளைவாக நின்றது. மறு ஆண்டே நடுப்பகுதி விழுந்து இரண்டு தூண்கள் மிஞ்சின. அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து மகளுடன் போனபோது என் பழைய படத்தைக் கையோடு எடுத்துப் போனேன். அதை அந்தத் தூண்களுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நடுவில் இருந்த பாறையை அவள் நெடுநேரம் தேடினாள்.