முதலே போடாத லாபமா? நாற்பது நிமிடக் கணக்கு ஒன்றைப் பற்றி

கணக்கன்:
பழையசரக்கு என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று இட்ட பதிவை மூன்று முறை படித்தேன்; மூன்று முறையும் எரிச்சல்தான் மிஞ்சியது. யாரோ வேண்டாமென்று வெளியே வைத்திருந்த அட்டைப்பெட்டியில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று அவருக்குக் கிடைத்ததாம். நாற்பதே நிமிடத்தில் அதைச் சுத்தம் செய்து, படம் பிடித்து, இணையத்தில் விற்பனைக்கு ஏற்றினாராம். மறுநாளே விலை போனதாம். "போட்ட முதல் சுழியம், ஆகவே வந்த பணம் முழுவதும் லாபம், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குங்கள்" என்று ஊருக்கே உபதேசமும் செய்திருக்கிறார்.

மற்றதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். 1970-களில் வந்த கேமராவின் பின்கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒளி உள்ளே கசியாமல் இருப்பதற்காகக் கதவின் ஓரப் பள்ளங்களில் ஒட்டிய ஸ்பாஞ்ச், இத்தனை ஆண்டுகளில் மக்கித் தார்போலப் பிசுபிசுத்துப் போயிருக்கும். தொட்டால் விரலோடு வரும்; அந்த விரலை எங்கே வைத்தாலும் அங்கேயும் ஒட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியாலும், கூராகச் சீவிய பல்குத்தும் குச்சியாலும் அதைச் சுரண்டி எடுப்பதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துகள், ஃபிலிமின் முன் திறந்து மூடும் ஷட்டர் திரைமீது விழாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. அதன் பிறகு புதிய ஸ்பாஞ்சை அளந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். இவற்றைச் செய்யாமலே விற்றாரா, அல்லது செய்துவிட்டு நேரத்தைக் குறைத்துச் சொல்கிறாரா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

பழையசரக்கு:
கணக்கன் ஐயா மூன்று முறை படித்ததற்கு நன்றி. நான்காவது முறையும் படித்திருந்தால், ஸ்பாஞ்சை மாற்றினேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். வெளிப்புறத்தையும் லென்ஸையும் துடைத்தேன், எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கிப் பார்த்தேன், பன்னிரண்டு படங்கள் எடுத்தேன், விவரம் எழுதினேன். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம்தான். பதினோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் தூசி தட்டி அறியாதவர் எனக்கு நேரம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 1995-இல் ஈபே என்ற இணைய ஏலத் தளம் தொடங்கியபோது, அதை நிறுவிய பியர் ஒமிடியார் அதில் விற்ற முதல் பொருளே உடைந்த லேசர் பாயிண்டர்தான்; 14.83 டாலருக்கு விலை போனது. அவர் அதை எத்தனை மணி நேரம் சுரண்டினார் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் கேட்கவில்லை.

செம்புக்கம்பி:
ஒருவர் ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஷட்டரை எல்லா வேகங்களிலும் இயக்கிப் பார்த்தேன் என்கிறாரே, எதை வைத்துப் பார்த்தார்? ஒரு விநாடி வேகம் இரண்டு விநாடி இழுத்தால் காதுக்கே கேட்கும். உள்ளே எண்ணெய் கெட்டியாகிப் பற்சக்கரம் தயங்குகிறது என்று பொருள். ஆனால் ஐந்நூறில் ஒரு விநாடி என்று குறித்த இடத்தில் இருநூறில் ஒரு விநாடி ஓடினால் அதை எந்தக் காதாலும் பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு செல்ஃப் டைமர் நெம்புகோலையும் இழுத்துப் பார்த்திருப்பார். பழைய கேமராவில் அது பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், விவரம் அறிந்தவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். இருபது ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாற்பது நிமிடத்தில், மேல்மூடியைக் கழற்றுவதற்கான திருப்புளி எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கலாம்.

கணக்கன்:
செம்புக்கம்பிக்கு நன்றி. பழையசரக்கின் பதிலில் உள்ள நழுவலை அனைவரும் கவனிக்க வேண்டும். நேற்று அது "சுத்தம் செய்தேன்" என்று இருந்தது; இன்று "துடைத்தேன்" ஆகியிருக்கிறது; நாளை "ஊதிவிட்டேன்" என்று வந்து நின்றாலும் வியப்பதற்கில்லை. லேசர் பாயிண்டர் கதையை அவரே எடுத்தது நல்லதாயிற்று. அது உடைந்தது என்று சொல்லப்பட்டு, வாங்கியவரும் தெரிந்தே வாங்கினார். "ஸ்பாஞ்ச் மக்கிவிட்டது, ஃபிலிமில் ஒளி கசியும்" என்ற வரி நம் நண்பரின் விவரத்தில் இருந்ததா?

இப்போது நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டி அவர் மடியில் தானாக வந்து விழுந்ததா? அதற்கு முன் எத்தனை பெட்டிகளைக் கிளறினார், எத்தனை நாள் வெறுங்கையோடு திரும்பினார்? விற்ற பிறகு கேமராவைப் பொதிந்து அனுப்பியது யார்? கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, வருகிற எண் உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம் கேட்கிறார்கள். ஒரு கிலோ கேமராவைப் பத்திரமாக அனுப்ப வேண்டுமென்று 30, 20, 20 சென்டிமீட்டர் பெட்டியில் பபிள் ராப் சுற்றி வைத்தால் அது 2.4 கிலோ ஆகிவிடுகிறது. பெட்டியைச் சிறிதாக்கினால் கேமரா உடைந்து திரும்பி வரும். திரும்பி வந்தால் இரு வழிக் கட்டணமும் பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விடியும். விற்பனைத் தளத்தின் கமிஷன், பணம் கைமாறும் கட்டணம், பரண்மேல் விற்காமல் கிடக்கும் பொருள்கள் பிடிக்கும் இடம் எல்லாம் இதற்குமேல் இருக்கின்றன. முதல் சுழியமாம்! உழைப்புக்கு விலையே இல்லை என்று நினைப்பவருக்கு வேண்டுமானால் அது சுழியமாக இருக்கலாம்.

தூசிதட்டி:
நான் பழைய புத்தகங்களை மட்டும் விற்கிறேன். கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிற உங்கள் மூவரையும் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. புத்தகத்தில் மக்குவதற்கு ஸ்பாஞ்சும் இல்லை, சிக்குவதற்கு ஷட்டரும் இல்லை. பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் எனப்படும், புத்தகத்துக்கான அடையாள எண் இருந்தால் அதைத் தட்டச்சு செய்து விலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 2007-க்கு முன் வந்தவற்றில் பத்து இலக்கமும், அதன் பிறகு பதின்மூன்று இலக்கமும் இருக்கும். அந்த எண்ணே இல்லாத, 1970-க்கு முந்தைய புத்தகங்களில்தான் என் வருமானம் இருக்கிறது. செல்பேசியில் ஸ்கேன் செய்து விலை பார்ப்பவர்கள் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு சாதாரணப் புத்தகத்தைப் புரட்டி, கிழிசலும் அடிக்கோடும் பார்த்து, விவரம் எழுதிப் பட்டியலில் ஏற்ற எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஆகவே கேமராவுக்கு நாற்பது நிமிடம் என்பது நம்பக்கூடியதாகவே எனக்குப் படுகிறது.

கணக்கன்:
பன்னிரண்டு நிமிடத்தில் புத்தகம் முடிகிறது, ஆகவே நாற்பது நிமிடத்தில் கேமரா முடியும் என்பது எந்த ஊர்த் தர்க்கம் அம்மா? அப்படியானால் நாற்பது நிமிடத்தில் மூன்று கேமராக்களை முடித்தேன் என்று அவர் எழுதியிருந்தாலும் நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள்.

பழையசரக்கு:
பார்சல் கட்டுவது சுத்தம் செய்வதில் சேராது. பெட்டியைத் தேடியதும் சேராது. அது என் காலை நடை. தளத்தின் கமிஷனை நான் விற்ற விலையிலிருந்து முன்பே கழித்துவிட்டேன். எல்லாம் போக, கேமரா என் மேசைமேல் இருந்த நேரம் நாற்பது நிமிடம். இதையே எத்தனை முறை எழுதுவது? தூசிதட்டிக்கு இருக்கும் பெருந்தன்மையில் பாதியாவது பழுது பார்க்கும் பெரியவருக்கு இருந்திருக்கலாம். திருப்புளி தேடுவதற்கே நாற்பது நிமிடம் ஆகிற பட்டறைக்கு என் கேமராக்கள் வராது.

புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். உறவினர் ஒருவர் தந்த பழைய கேமராவின் பேட்டரி மூடி திறக்கவே மறுக்கிறது. ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கிறது. இதைச் சரிசெய்து விற்க முடியுமா? விலையை எப்படி முடிவு செய்வது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்புக்கம்பி:
தம்பி, மூடியைக் குறடு போட்டுத் திருகாதீர்கள், மூடியைத் திருகுவதற்கென்று அதன்மேல் உள்ள பிளவு பிய்ந்துவிடும். கையுறை அணிந்துகொண்டு, ஓரத்தில் ஒரு சொட்டு வினிகரைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஊற விடுங்கள். கசிந்திருப்பது காரம் என்பதால் அமிலத்துக்குக் கரையும். பிறகு தட்டையான ரப்பர் துண்டை வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். உள்ளே இருப்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரியாக இருக்கக்கூடும். பாதரசம் நச்சு என்பதால் பல நாடுகளில் அதன் விற்பனையை 1990-களிலேயே நிறுத்திவிட்டார்கள்; எடுத்ததை வீட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பல கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி அதைக் கூட்டிக் காட்டும்; அதை நம்பி எடுத்தால் படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரி கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்த நாளிலிருந்தே அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். மூடி திறந்த பிறகும் ஒளிமானி அசையவில்லை என்றால், உப்பு கம்பி வழியாக உள்ளே ஏறிவிட்டது என்று பொருள். மேல்மூடியைக் கழற்றிக் கம்பியை மாற்றிப் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

தூசிதட்டி:
விலைக்கு: மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். கேட்பதற்குக் காசா பணமா?

கணக்கன்:
செம்புக்கம்பி எழுதியதை எல்லோரும் மறுபடி படியுங்கள். வினிகர் ஊற வேண்டும், மூடி திறக்க வேண்டும், கம்பி மாற்ற வேண்டும். இவை எல்லாம் நாற்பது நிமிடத்துக்குள் அடங்குமா? பழையசரக்கு தம் கேமராவின் ஒளிமானியைச் சோதித்தாரா என்பதற்கு இதுவரை பதில் இல்லை. சோதித்திருக்க மாட்டார், அவருடைய வழக்கம் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மனிதரிடம் ஒரு லென்ஸ் வாங்கினேன். "தெளிவான கண்ணாடி" என்று எழுதியிருந்தார். லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடில் துடைத்தேன். பூஞ்சை போயிற்று, ஆனால் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடமும் அவருடைய நாற்பதில் இல்லை போலும்.

பழையசரக்கு:
ஆக, கேமராவைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டு ஆண்டுகளாக வயிற்றில் கட்டிவைத்திருந்த லென்ஸ்தான் இன்று வெளியே வந்திருக்கிறது. அந்த லென்ஸை "உள்ளபடியே விற்பனை" என்று தெளிவாக எழுதித்தான் விற்றேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். லென்ஸைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவை யார் ஏற்பது என்று பதினேழு மின்னஞ்சல் எழுதியவர் இவர்தான்.

கணக்கன்:
பதினான்கு. ஆதாரத்தோடு சொல்கிறேன், பதினான்கு மின்னஞ்சல்கள். "தெளிவான கண்ணாடி" என்றும் "உள்ளபடியே" என்றும் ஒரே விவரத்தில் எழுதினால், அந்த உள்ளபடி எந்தப்படி? எண்ணிக்கையில் இவருக்கு இருக்கும் நேர்மை இவ்வளவுதான். பதினான்கைப் பதினேழாக்கத் தெரிந்தவருக்கு நான்கு மணி நேரத்தை நாற்பது நிமிடமாக்கவும் தெரியும்.

செம்புக்கம்பி:
நான்கு மணி நேரம் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. ஷட்டரையும் சேர்த்து முறையாகச் செய்தால் ஆறு.

தூசிதட்டி:
ஒரு சிறு விஷயம். சென்ற மாதம் வேறோர் இழையில் கணக்கன் என் புத்தகங்களை "காயலான் கடைச் சரக்கு" என்று எழுதினார். நான் அதை மறக்கவில்லை. இவருக்கு விற்பவர் எவரைக் கண்டாலும் ஆகாது. வாங்கும்போது மட்டும் எங்களிடம்தான் வருவார்.

கணக்கன்:
அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியது கரையான் அரித்த ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியைப் பற்றி மட்டுமே. அதை இங்கே இழுத்துப் பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது ஒரே கேள்வி. அது இன்னும் அப்படியே நிற்கிறது. பழையசரக்குக்குத் துணிவிருந்தால், அடுத்த கேமராவைச் சுத்தம் செய்வதைக் கடிகாரத்தோடு சேர்த்து, வெட்டாமல் காணொளியாக எடுத்துப் போடட்டும். நான் பார்க்கிறேன்.

பழையசரக்கு:
போடுகிறேன். நாற்பது நிமிடத்துக்கு ஒரு நிமிடம் கூடினாலும் கேளுங்கள்.

கணக்கன்:
கடிகாரம் அட்டைப்பெட்டியைத் திறக்கும்போதே ஓடத் தொடங்க வேண்டும்.

பழையசரக்கு:
பெட்டியைத் திறப்பது சுத்தம் செய்வதில் சேராது என்று முன்பே எழுதிவிட்டேன்.

புதியவன்:
மூடி திறந்துவிட்டது, மிக்க நன்றி. ஒளிமானி அசையவில்லை. மேல்மூடியைக் கழற்ற எந்தத் திருப்புளி வேண்டும்?

கணக்கன்:
பார்த்தீர்களா, இந்தத் தம்பிக்கு மூடி மட்டுமே எவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது என்று அவரையே கேளுங்கள்.