தடுப்புச் சுவருக்குக் கையொப்பமிடலாமா?

கேள்வி (பகாவ், மலேசியா): வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் எழும் வீடுகளுக்காக, மண் சரியாமல் தாங்கக் கட்டிய தடுப்புச் சுவரில், நீர் வெளியேறும் துளைகள் பலவும் சிமெண்டால் அடைபட்டிருப்பதைக் கண்ட பின்பும், வேலை முடிந்ததாகக் கையொப்பமிடுமாறு மேலாளர் வற்புறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: கையொப்பமிடாதீர்கள், தம்பி. நீர் வெளியேறாவிட்டால் சுவரின் பின்புறம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூர் அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததில், மேட்டின் வடிகால் குறைபாட்டுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் பங்கிருந்தது. 2000-இல் உயர்நீதிமன்றம் அதன் பொறியாளரையும் பொறுப்பாக்கியது.

பதில் 2: வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் வாய்மொழியாக மறுப்பதோடு நில்லாமல், படங்களை இணைத்துக் கடிதம் கொடுத்து, திட்டத்துக்குப் பொறுப்பான பதிவுபெற்ற பொறியாளருக்கும் நகல் அனுப்புங்கள். அங்கே குடியேறப்போவது தோட்டத்துக் குடும்பங்கள்தாமே!

கேட்டவர்: நன்றி ஐயா. கடிதத்தை இன்றே எழுதுகிறேன்.