காணிக்காரர் எழும்பச் சொல்லுறார்: ஊர் தலையிடலாமா?

வாய்க்கால்கரை:
கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊரில ஒரு தாயும் மூண்டு பிள்ளையளும் மாதம் முடிய முந்தி இருக்கிற காணியை விட்டு எழும்ப வேணுமெண்டு சட்டத்தரணியின்ர கடிதம் வந்திருக்கு. தாயின்ர தகப்பன் 1977 கலவரத்தில மலையகத்தில இருந்து ஓடி வந்தவர். காணிக்காரர் யாழ்ப்பாணத்து வாத்தியார். பற்றை வெட்டிக் காவல் இருக்கச் சொல்லி அவர்தான் இருத்தினவர். இப்ப ரெண்டு பேரும் இல்லை. வாத்தியாரின்ர மகன் வெளிநாட்டில இருந்து தனக்காக இஞ்ச ஒராள் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்பிக் காணியைக் கைமாற்றப் பாக்கிறார். நேற்று மாதர் சங்கம் கூடி, வீட்டுக்கு ஐந்நூறு ரூபாப்படி சேர்த்து வழக்குப் பேசுறதெண்டு முடிவெடுத்தம். 'ஆற்றையோ காணிக்கு நாங்கள் ஏன் காசு போடவேணும்' எண்டு சிலபேர் கேக்கினம்.

கனகராயன்:
கேக்கிறது நியாயம்தானே. நான் அந்த மகனில்லை, ஆனா என்ர கதையும் அதுதான். அப்பு பெர்மிட்டில, அதாவது அரசாங்க அனுமதிப்பத்திரத்தில, எடுத்த மூண்டு ஏக்கர். ஆசைப்பட்டு விட்டிட்டுப் போகேல்ல, செல்லடியில ஓடினது. முல்லைத்தீவுப் பிலக்குடியிருப்புச் சனம் 2017 ஜனவரி 31 தொடக்கம் ஒரு மாதம் விமானப்படைக் காம்ப் வாசலில இரவுபகலா இருந்து தங்கட காணியை எடுத்ததைக் கொண்டாடின நீங்கள், நான் என்ர காணியைக் கேட்டால் மட்டும் கல்நெஞ்சன் எண்டுறியள். பத்து வருசம் ஆட்சியில இருந்தால் காணி சொந்தம் எண்டும் வராதேங்கோ. காணி அபிவிருத்திச் சட்டப்படி பெர்மிட் காணியில ஆட்சியுரிமை செல்லாது.

வாய்க்கால்கரை:
ஆட்சியுரிமை இல்லையெண்டு தெரியும். அதே சட்டம்தான் பெர்மிட்காரர் காணியில இருந்து திருத்த வேணுமெண்டும் சொல்லுது, நினைச்சமாதிரி விற்கவும் விடாது. விமானப்படை பிடிச்ச காணியையும் வாத்தியார் கூப்பிட்டு இருத்தின குடும்பத்தையும் ஒண்டாக்காதேங்கோ, மனம் நோகுது. மெனிக்பாம் முகாமில இருந்து 2010இல் திரும்பி வரேக்க அதில முழங்காலளவு நாயுருவி. தாய் அதைக் கையால பிடுங்கிப்போட்டு வைச்ச தென்னம்பிள்ளை இப்ப காய்க்குது. இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை இலட்சம் குடுக்கேக்க, காணிக் கடதாசி இல்லையெண்டு இவையின்ர பேரை வெட்டினவை. இண்டைக்கும் தகரக் கொட்டில்தான். கடைசிப் பிள்ளை இந்த வருசம் ஓ.எல்.

செம்மண்:
தங்கச்சி, முதல் அந்தப் பிள்ளையின்ர பயத்தைப் போக்குங்கோ. சட்டத்தரணியின்ர கடிதம் நீதிமன்றக் கட்டளை இல்லை. கட்டளை இல்லாமல் ஒருத்தரும் கூரைத் தகரத்தில கை வைக்கேலாது. விளங்காத கடதாசி ஒண்டிலயும் கையெழுத்து வைக்க வேண்டாம். கரண்ட் பில், வாக்காளர் இடாப்பு, பிள்ளையளின்ர பள்ளிக்கூடப் பதிவு எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு, கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் காட்டுங்கோ. தாயைத் தனிய விடாமல் சங்கத்தில ரெண்டு பேர் கூடப் போங்கோ. எங்கட பக்கம் இப்பிடி ஒரு பிணக்கில, காணிக்காரரே ஒதுக்கில கால் ஏக்கர் விட்டுத்தரச் சம்மதிச்சு, பிரதேச செயலகத்தால பிரிச்சுக் குடுபட்டது. ரெண்டு வருசம் அலைஞ்சவை. வழக்குக்கெண்டு சேர்த்த காசை நில அளவைக்கு வையுங்கோ.

கனகராயன்:
கால் ஏக்கரை என்னட்டையும் ஆரும் நேர கேட்டிருந்தால் யோசிச்சிருப்பன். நான் 2012இல் போய் படலையில நிக்க, ஊர்ச்சனம் கள்ளனைப் பாக்கிறமாதிரிப் பாத்திச்சு. அப்பு வெட்டின கிணத்தில ஒரு வாய் தண்ணி தர ஒருத்தரும் வரேல்ல. முதல் வழக்கு, பிறகு கதை எண்டால், அந்த மகனும் என்னைப்போல இறுகிப்போவான்.

வாய்க்கால்கரை:
அண்ணை, படலையில நடந்ததுக்கு ஊர்க்காரியா நானும் வெக்கப்படுறன். எங்கட பிழை. ஆனா அந்த மகனிட்ட இவை கேக்காமல் இல்லை. நம்பர் அவரின்ர அற்றோணி ஆளிட்ட மட்டும்தான் இருக்கு, அந்த ஆள் தாறாரில்லை. நீங்களும் வெளியில இருக்கிற ஆள். அவரைப் பிடிச்சுத் தருவியளோ? ஞாயிற்றுக்கிழமை தாயே கதைக்கட்டும். அதுவரைக்கும் சேர்த்த காசு பொருளாளரிட்ட இருக்கும்.

கனகராயன்:
ஊர்ப்பேரையும் வாத்தியார் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தையும் தனிமடலில போடுங்கோ. விசாரிக்கிறன்.