பழைய சின்ன டிராக்டரில் கூடுதல் ஹைட்ராலிக் வால்வு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என்னிடம் 25 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. பழைய வண்டி, எஞ்சின் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹைட்ராலிக் என்று சொன்னால் பின்னால் கருவியைத் தூக்கும் லிப்ட் மட்டும்தான். முன்னால் லோடரும் பின்னால் டிப்பர் டிரெய்லரும் ஓட்ட ஆசைப்பட்டு, மூன்று லிவர் கொண்ட டிசி வால்வு (ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வு) ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அதில் நான் செய்த தவறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் அதையே செய்யக் கூடாது.

பம்ப்பிலிருந்து லிப்ட்டுக்குப் போகும் குழாயை வெட்டினேன். பம்ப் பக்கத்து முனையை வால்வின் பம்ப் வாயில் கொடுத்தேன். வால்வின் டேங்க் வாயிலிருந்து ஓஸ் போட்டு லிப்ட்டுக்குக் கொண்டுபோனேன். ஆயில் உள்ளே வருகிறது, வெளியே போகிறது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். லோடர் ஏறியது, லிப்ட்டும் ஏறியது. இரண்டு வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒருநாள் கனமான கலப்பையை லிப்ட்டில் தூக்கும்போது லிவர்களின் அடியிலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்தது. ஸ்பூல் (லிவர் நகர்த்தும் உள் தண்டு) முனையில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. புது ஓ-ரிங் போட்டேன், மூன்றே நாளில் அதுவும் போனது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். டேங்க் பக்கத்து வழி என்பது அழுத்தமே இல்லாமல் ஆயில் வீடு திரும்பும் வழி. ஸ்பூல் முனைச் சீல்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன, அவை தாங்குவது மிகக் குறைந்த அழுத்தம். நானோ லிப்ட்டின் 150 பார் அழுத்தம் முழுவதையும் அவற்றின் மேல் ஏற்றியிருந்தேன்.

அந்த வால்வுக்கு 'பவர் பியாண்ட்' என்று ஒரு புஷ் தனியாகக் கிடைக்கிறது. அதைத் திருகினால் வால்வுக்குள் இரண்டு வழிகளும் பிரிந்துவிடும். வேலையில்லாமல் கடந்து போகும் ஆயில் பவர் பியாண்ட் வாய் வழியாக முழு அழுத்தம் தாங்கும் ஓஸில் லிப்ட்டுக்குப் போகும். சிலிண்டரிலிருந்து திரும்பும் ஆயிலும் அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு கழிக்கும் ஆயிலும் டேங்க் வாய் வழியாக நேரே ஆயில் இருக்கும் கியர் பாக்ஸுக்குப் போகும். ஆக மூன்று குழாய்கள் வேண்டும், நான் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். இப்போது ஓர் ஆண்டாகச் சொட்டுக்கூட ஒழுகவில்லை. லோடர் லிவரை முழுதாகப் பிடித்திருக்கும்போது லிப்ட்டுக்கு ஆயில் கிடைக்காது, அது ஒன்றுதான். அது இந்த அமைப்பின் இயல்பு, பழகிவிட்டது.

* * *

அண்ணா, எனக்கு நடந்தது ரிலீஃப் வால்வில். என் வண்டியில் ரிலீஃப் வால்வு லிப்ட் கவருக்குள் இருக்கிறது. நான் போட்ட புது வால்வு அதற்கு முன்னால் வருகிறது. அதில் ரிலீஃப் கிடையாது, வண்டியில்தான் ஒன்று இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

லிவரை இழுத்தவுடன் லிப்ட்டுக்குப் போகும் வழி மூடிக்கொள்கிறது. அதாவது ரிலீஃப் வால்வுக்குப் போகும் வழியும் மூடிக்கொள்கிறது. சிலிண்டர் கடைசிவரை நீண்டு முட்டியதும் கியர் பம்ப் தள்ளும் ஆயிலுக்குப் போக இடமில்லை. எஞ்சின் ஒரு முனகல் முனகியது, அடுத்த நொடி ஓஸ் அதன் முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. நான் அந்தப் பக்கம் நின்றிருக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது ரிலீஃப் உள்ள வால்வு போட்டு, குழாயில் 'T' வடிவ இணைப்பு போட்டு 250 பார் வரை அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகி அளவு வைத்தேன். வண்டியின் ரிலீஃப் 150 பாரில் திறக்கிறது, புதியதை 140இல் நிறுத்தினேன். கேஜ் இல்லாமல் காதால் கேட்டு யாரும் அந்தத் திருகைத் தொடாதீர்கள்.

* * *

மேலே இருவரும் சொன்னது ஆயில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஓபன் சென்டர் வண்டிகளுக்குப் பொருந்தும். என்னிடம் இருப்பது ஃபெர்குசன் டிஇ20, 1946 முதல் 1956 வரை வந்த வண்டி. இதன் கதை வேறு. பம்ப் பின்பக்கக் கூட்டுக்குள், ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் வால்வு பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிப்ட் கைகள் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பம்ப்புக்கு ஆயில் வரத்தே கிடையாது, எதுவும் சுற்றாது.

இது தெரியாமல் லிப்ட் கவரில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, அங்கிருந்து கிளை எடுத்து ஓபன் சென்டர் வால்வு ஒன்றை மாட்டினேன். பின்னால் மாட்டிய கருவி உயரவே இல்லை. தூக்க வேண்டிய ஆயில் எல்லாம் புது வால்வின் நடு வழியாக மறுபடி கூட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கிளையில் ஓர் அடைப்பு வால்வு வைத்த பிறகே சரியானது. லிப்ட் வேண்டுமென்றால் அதை மூடுவேன். வெளிச் சிலிண்டர் வேண்டுமென்றால் அதைத் திறந்து லிப்ட் லிவரை மேலே வைப்பேன், பம்ப் தள்ளத் தொடங்கும். கைகள் உச்சிக்குப் போய்விட்டால் லிப்ட்டே பம்ப்பின் வரத்தை அடைத்துவிடும். அதனால் அந்த நேரத்தில் கைகளைச் சங்கிலியால் கீழே கட்டிவைக்கிறேன். கிளட்சை மிதித்தால் பம்ப் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், லோடர் வேலைக்கு இந்த வண்டி அவ்வளவு பொருத்தம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விறகு பிளக்கும் சிலிண்டருக்கு நன்றாக ஒத்துழைக்கிறது.

* * *

ஆயில் அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டிப்பர் ஜாக்கி 100 மி.மீ. விட்டம், 800 மி.மீ. நீளம் என்றால் முழுதாக ஏற 6 லிட்டருக்குமேல் ஆயில் குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளும் சிலிண்டர் என்பதால் ஏறும்போது அதிலிருந்து திரும்பி வருவது எதுவுமில்லை. லோடர் சிலிண்டர்கள் அப்படி இல்லை, ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் திரும்பிவிடும், தண்டின் கன அளவுதான் குறையும். நம் சின்ன வண்டிகளின் கியர் பாக்ஸில் மொத்தமே 15, 20 லிட்டர்தான். சரிவான நிலத்தில் டிரெய்லரைத் தூக்கினேன், பம்ப் காற்றை உறிஞ்சிக் கத்தியது, ஆயில் பால்போல் வெளுத்து நுரைத்தது.

அதைப் பார்த்துப் பயந்து, டிரெய்லர் மேலே இருக்கும்போதே ஆயிலை ஊற்றி அளவுகோலில் முழுக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். டிரெய்லரை இறக்கியதும் 6 லிட்டரும் திரும்பி வந்து மூச்சுக்குழாய் வழியே வழிந்தது. சிலிண்டர்கள் எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். ஜாக்கிக்குத் தனியாக ஒரு டேங்க் வைப்பது பற்றி இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

* * *

குழாய் இணைப்புகளின் திரெட்டைக் (புரியை) கவனியுங்கள் நண்பர்களே. அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய்ப் புரி), அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய்ப் புரி) இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஒன்றுக்குள் ஒன்று சில சுற்றுகள் ஏறிவிடும், ஆனால் புரியின் கோணம் 55 டிகிரி, 60 டிகிரி என்று மாறும். ஒழுகுகிறதே என்று டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். அந்த டேப்பின் கிழிசல் ஒன்று ஸ்பூலில் சிக்கிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் லோடர் ஏறிக்கொண்டே போனது. எஞ்சினை அணைத்துத்தான் நிறுத்தினேன். வால்வைப் பிரித்துத் துடைத்து, பொருத்தமான நிப்பிளும் ரப்பர் ஒட்டிய வாஷரும் போட்டேன். டேப்பை ஹைட்ராலிக் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன்.

* * *

என் அண்ணனுக்கு நேர்ந்ததை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். புது ஓஸில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க விரலால் தடவினார். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. வலியும் பெரிதாக இல்லை என்று வேலையைத் தொடரப் பார்த்தார். உயர் அழுத்த ஆயில் தோலுக்குள் போய்விட்டால் அவசர அறுவை சிகிச்சை வேண்டும், தாமதித்தால் விரலே போகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து வற்புறுத்தி அழைத்துப்போனேன். அன்றே விரலைத் திறந்து சுத்தம் செய்தார்கள். விரல் இருக்கிறது, ஆனால் முழுதாக மடங்காது. ஒழுகல் தேட அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சினை அணைத்தாலும் ஓஸுக்குள் அழுத்தம் நிற்கும். லோடரைத் தரையில் இறக்கி, லிவர்களை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுத்தான் நிப்பிளில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

* * *

முதலில் எழுதியவன்தான். அண்ணனின் கை எப்படி இருக்கிறது என்று இடையிடையே எழுதுங்கள் தம்பி. நுரை பற்றி எழுதியதைப் படித்ததும் என் வண்டியைப் போய்ப் பார்த்தேன். டேங்க் லைன் லிப்ட் கவரின் மேல் பிளக்கில்தான் முடிகிறது. திரும்பும் ஆயில் உயரத்திலிருந்து விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது, இவ்வளவு நாளும் நான் கவனிக்கவில்லை. நேற்று பிளக்கில் துளையிட்டு, ஆயில் மட்டத்துக்குக் கீழே இறங்கும்படி ஒரு குழாய் வைத்துப் பற்றவைத்தேன். பற்றவைத்த துகள் போக டீசலில் இரண்டு முறை அலசி, காற்றடித்துக் காயவைத்து மாட்டினேன். அரை மணி நேரம் லோடரை ஓட்டிவிட்டு அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் தெளிவாக இருக்கிறது.