கல்லூரியில் ஜப்பானிய மொழி: தமிழ் கைகொடுத்த இடம், கைவிட்ட இடம்

டெல்லியில் பி.ஏ. ஆனர்ஸ் ஜப்பானிய மொழி படித்தவள் நான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜாப்பனீஸ் படிக்கப் போகிறேன் என்றதும் 'அது ரொம்பக் கஷ்டமாச்சே' என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. கஷ்டம்தான். ஆனால் எல்லாரும் நினைக்கிற இடத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. இதைப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விளக்கினால் விளக்கட்டும், நீங்கள் தமிழில் யோசியுங்கள்.

எங்கள் வகுப்பில் முதல் ஆண்டு முழுக்க விளக்கம் ஆங்கிலத்தில்தான். ஒரு நாள் சென்செய் (ஆசிரியரை அப்படித்தான் அழைப்போம்) பலகையில் 'கத்தெ ஒகு' என்று எழுதினார். 'கத்தெ' என்றால் வாங்கி. 'ஒகு' தனியாக வந்தால் வை. இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதற்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்கம்: பின்னால் வரப்போகும் ஒரு தேவைக்காக ஒரு காரியத்தை முன்கூட்டியே முடித்தல், முடித்த நிலையை அப்படியே நீடிக்க விடுதல். பக்கத்தில் இருந்த பாட்னாக்காரத் தோழி அதை வரிவிடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுத ஒன்றுமில்லை. 'சாயங்காலம் ஆள் வருது, பால் வாங்கி வை' என்று எங்கள் வீட்டில் தினமும் சொல்வதுதானே! அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவளும் ஹிந்தியில் 'கரீத் கே ரக்கோ' என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

அன்றைக்கே நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 'தபெதெ மிரு', சாப்பிட்டுப் பார். 'தபெதெ ஷிமாவு', சாப்பிட்டுவிடு. 'கத்தெ குரு', வாங்கிக்கொண்டு வா. 'கத்தெ அகெரு', வாங்கிக் கொடு. மிரு என்றால் பார், குரு என்றால் வா, அகெரு என்றால் கொடு. நம் வினையெச்சமும் துணைவினையும் செய்கிற வேலையை அங்கே 'தெ' வடிவமும் அதன் பின்னால் வரும் வினையும் செய்கின்றன. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஒருவர் பேசியதைச் சொல்ல 'என்று' போல ஒரு 'தொ' வரும். முதல் இரண்டு ஆண்டு இலக்கணத்தில் பெரும்பகுதியை ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாக நிற்க வேண்டும். தமிழ் வழியாகப் போனால் நேராக நடக்கலாம்.

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது கொடுப்பது பற்றிய பாடம். எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவர் கொடுத்தால் 'குரெரு'. நான் அடுத்தவருக்குக் கொடுத்தாலோ, யாரோ இன்னொருவருக்குக் கொடுத்தாலோ 'அகெரு'. சென்செய் பலகை முழுக்க அம்புக்குறி போட்டு விளக்கினார். எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. கிளவியாக்கத்தில் 'தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த' என்று ஒரு நூற்பா உண்டு. தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும். கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு. இன்றைக்கும் 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு' என்றுதான் பேச்சு வருகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றல்ல, ஜப்பானிய மொழியில் நான் 'உனக்கு'க் கொடுப்பதும் அகெரு பக்கம்தான் போகும். ஆனாலும் கொடுக்கல் வாங்கலில் திசை பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஒரு நூற்பா டெல்லியில் கைக்கு உதவியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இப்படிச் சொன்னாலே 'அப்போ ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததுதானே' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். அவர் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வரலாற்று மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரியம், மங்கோலியம், துருக்கியம் எல்லாவற்றுக்கும் இதே வாக்கிய அமைப்பு இருக்கிறது. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருக்கு ஒற்றுமை பயன்படுகிறது, எனக்கு அது போதும்.

தமிழ் கைவிடும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நம் வினைமுற்றில் ஆள் இருக்கிறார்: போனேன், போனான், போனார்கள். ஜப்பானிய மொழியில் எல்லாமே 'இத்தா'. எழுவாயையும் விட்டுவிடுவார்கள். போனது நானா, அவரா, அவர் மாமியாரா என்பதைச் சூழலிலிருந்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டல் பயிற்சியில் தமிழ்ப் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். பேச்சு எதைப் பற்றியது என்று காட்டும் 'வா', எழுவாயைக் காட்டும் 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களுக்கும் தமிழில் நேர் இணை கிடையாது, நிறைய வாசிக்க வாசிக்கத்தான் வரும். சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரசு பட்டியலில் இருக்கும் பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் மட்டும் 2,136. ஒவ்வொன்றுக்கும் கோடு போடும் வரிசை வேறு. 'வலது' என்ற எழுத்துக்கும் 'இடது' என்ற எழுத்துக்கும் மேல்பாதி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இடதில் கிடைக்கோடு முதலில், வலதில் சாய்கோடு முதலில். பேனாவில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. தூரிகையில் எழுதும்போது சாய்கோட்டின் நீளமும் வால் இழுபடும் விதமும் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் தூரிகை எழுத்தை வெறும் கலைப் பாடமாக நினைத்து ஒதுக்காதீர்கள் என்கிறேன்.

அந்த வகுப்பில்தான் வட்டத்தின் அர்த்தமும் தெரிந்தது. மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, மெல்லிய தாளில் எழுதிக் கொடுத்தோம். திரும்பி வந்த தாள்களில் சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருந்தது. பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது. ஜப்பானில் வட்டம்தான் சரி. நாம் 'சரி' என்று போடுகிற டிக் அங்கே தவறையும் குறிக்கலாம்.

பிறகு உதவித்தொகையில் ஓராண்டு ஜப்பானில் படித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கென்றே ஜப்பானியக் கல்வி அமைச்சு தருவது அது. படிக்கிறவர்கள் கட்டாயம் முயல வேண்டும். அங்கே தேநீர்ச் சடங்கு மன்றத்தில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் வயதான அம்மா. முதல் சில வாரம் தேநீரே கிடையாது. தத்தாமிப் பாயின் ஓரத்தை மிதிக்காமல் நடப்பது, பட்டுத்துணியை மடிப்பது, கிண்ணத்தைத் திருப்பி அதன் முகப்பில் வாய் படாமல் குடிப்பது, இதுதான் பாடம். இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும், கசப்பு அதன் பின்னால். ஒரு நாள் அந்த அம்மா தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு இருந்த ஐரோப்பிய மாணவி வாய் திறக்காமல் மரியாதையாகக் கேட்டாள். அவளிடம் மட்டும் 'புரிகிறதா, புரிகிறதா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் கேட்கவில்லை, ஏனென்றால் நான் விடாமல் 'ஹாய், ஹாய்' (ஆமாம், ஆமாம்) சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டியிடம் கதை கேட்டு 'ம்' கொட்டி வளர்ந்தவர்களுக்கு இது தானாக வரும். பெரியவர்களிடம் வெறும் 'ம்' மட்டும் கூடாது, அதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். தமிழ் எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்று குறிப்பாகச் சொன்னால் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயன்படும்.

*

அக்கா, நான் யாழ்ப்பாணம். களனிப் பல்கலைக்கழகத்தில ஜப்பான் மொழி படிச்சனான். நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விசயம் இருக்கு. 'கொரெ, சொரெ, அரெ' எண்டு மூண்டு சுட்டு. பேசுறவருக்குக் கிட்ட இருந்தால் கொரெ, கேட்கிறவருக்குக் கிட்ட இருந்தால் சொரெ, ரெண்டு பேருக்கும் தூரம் எண்டால் அரெ. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நடுவில உள்ளது குழப்பும் எண்டு நினைக்கிறன். எங்களுக்கு இது, உது, அது மூண்டும் பேச்சில இருக்கு. 'உதை இஞ்ச கொண்டா' எண்டால் உங்கட கையில இருக்கிற சாமான் எண்டு விளங்கும். அ, இ, உ மூண்டும் சுட்டு எண்டு இலக்கணத்தில படிச்சதை நாங்கள் வீட்டிலயே பேசுறம்.

சிங்களத்தில நாலு சுட்டு. என்னோட படிச்ச சிங்களப் பிள்ளைகளும் அதைச் சட்டெண்டு பிடிச்சவை. வாக்கிய அமைப்பும் அவைக்கு இதே மாதிரித்தான். அவையளில கனபேர் பள்ளிக்கூடத்தில உயர்தரம் படிக்கேக்கயே ஜப்பான் மொழியைப் பாடமா எடுத்துப் போட்டு வந்தவை, அதனால முதல் வருசம் எங்களை விட முன்னுக்கு நிண்டவை. நாங்கள் ரெண்டு பேர் தமிழில குறிப்பு எழுதி, அவையின்ர சிங்களக் குறிப்போட ஒத்துப் பார்த்துப் படிச்சம். ஆங்கிலப் புத்தகத்தைக் கடைசியா எடுத்துப் பார்த்தது எப்ப எண்டு ஞாபகமில்லை.

*

வணக்கம். சென்னையில இன்ஜினியரிங் படிக்கும்போது கல்லூரியிலேயே சனிக்கிழமை ஜாப்பனீஸ் வகுப்பு, இப்போ ஜப்பானில் வேலை. நீங்க சொல்றதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன். ஒலியில ஒரு பக்கம் நமக்கு லாபம்: குறில் நெடில், ஒற்று இரட்டிக்கிறது எல்லாம் தண்ணி பட்ட பாடு. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. படு, பாடு, பட்டு, பாட்டுன்னு பேசுற வாய்க்கு இது கஷ்டமே இல்லை. எ, ஒ ரெண்டுக்கும் குறில் நம்ம எழுத்தில் இருக்கு. ஆனா க, ச, ட, த, ப ரெண்டு விதமா ஒலிக்கிறதை நம்ம எழுத்து பிரிச்சுக் காட்டாது. தமிழ் எழுத்துல குறிப்பெடுத்த என் நண்பர்கள் பலருக்கு இதுதான் இடறியது. ஜப்பானியரின் அசையெழுத்தான ஹிரகானாவை முதல் வாரத்திலேயே படிச்சுட்டு அதிலேயே குறிப்பெடுங்கன்னு சொல்வேன்.

தேர்வுக்குத் தயாராகிறவங்களுக்கு ஒன்று. ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்4 நிலையில் 180-க்கு 90 எடுத்தா மட்டும் போதாது. கேட்டலில் 60-க்கு 19 தனியா எடுக்கணும். பேச்சுத் தேர்வு கிடையாது, அதனால கல்லூரியில் பேச்சை அப்படியே விட்டுடறாங்க. சான்றிதழ் கையில இருக்கும், நேர்முகத்தில் வாய் வராது. இது எனக்கு நிஜமாவே வருத்தம்.

தமிழ் முழுசா கைவிட்ட இடம் எனக்கு ஆபீஸ் போன். வாடிக்கையாளர் கூப்பிட்டு எங்க மேனேஜரைக் கேட்டா, நம்ம ஊர்ல 'சார் வெளியே போயிருக்காருங்க' என்போம். அங்கே வெளியாளிடம் பேசும்போது நம்ம ஆளை உயர்த்தக் கூடாது. மேனேஜர் தனாகா என்றால், 'சான்' போடாம வெறும் 'தனாகா' என்று பெயர் சொல்லி, அவர் செயலையும் பணிவான வினையில்தான் சொல்லணும். போனை வச்சதும் அதே மனுஷனிடம் 'தனாகா சான்' என்று மரியாதையா திரும்பணும். அப்பாவைப் பற்றி வெளியாளிடம் பேசவும் தனிச் சொல், 'சிசி'. பெரியவரை யார் முன்னாடியும் பெரியவராவே பேசி வளர்ந்தவன் நான். வாய் கூசும். பயிற்சி தந்த அம்மா, 'அவரைத் தாழ்த்தவில்லை, எதிரில் இருப்பவரை உயர்த்துகிறாய்' என்று பொறுமையா சொல்லிக்கொடுத்தார்.

*

தம்பி, க-வும் ப-வும் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் தமிழில் எழுதும்போதே ஒலிப்புடைய எழுத்துக்கு ('தங்கம்' என்பதில் வரும் க போல அதிர்ந்து ஒலிப்பது) மேலே ஜப்பானியர் போடுவது போலவே இரண்டு சிறு கோடு போட்டுவிடுவேன். ஹிரகானா பழகும் வரை அது உதவும், அதன் பிறகு தேவைப்படாது. தமிழில் யோசியுங்கள் என்றுதான் சொன்னேன், தமிழ் எழுத்திலேயே நின்றுவிடச் சொல்லவில்லை.

மரியாதை விஷயத்தில் நீங்கள் எழுதியதைப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் காட்டுவேன். எங்கள் பாடத்தில் இது மூன்றாம் ஆண்டில்தான் வந்தது, அதுவும் அட்டவணையாக.

யாழ்ப்பாணத் தங்கச்சி, அந்த 'உது' பற்றி இன்னும் எழுதுங்கள். பேச்சில் முன்பு வந்த ஒன்றைக் குறிக்கவும் சொரெ வருகிறதே, அந்த இடத்தில் உங்கள் ஊரில் 'உது' வருமா, 'அது' வருமா?