பழைய லாரியில் தனி மீட்டர்: முள் ஏன் பொய் சொல்கிறது?

பத்து வருஷம் தாண்டின லாரிக்கு ஆயில் பிரஷர், தண்ணிச் சூடு, வோல்ட் இந்த மூணு மீட்டர் போதும். வாங்குறதுக்கு முன்னாடி லாரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு மல்டிமீட்டர் வெச்சு அளந்துடுங்க. ரெண்டு பேட்டரி இருக்குன்னு 24 வோல்ட்டுன்னு முடிவு கட்டாதீங்க, பக்க இணைப்பா 12-ஆவும் போட்டிருப்பாங்க. கடையில கிடைக்கிற 52 மி.மீ. மீட்டர் பெரும்பாலும் 12 வோல்ட். லாரி 24 வோல்ட்டா இருந்தா, அதுக்காக ரெண்டு பேட்டரிக்கு நடுவுலேர்ந்து லைன் இழுக்கவே கூடாது. ஒண்ணு காலியாகும், இன்னொண்ணு அளவு மீறி சார்ஜாகும், ரெண்டுமே சீக்கிரம் போயிடும். 24-ஐ 12-ஆ இறக்குற கன்வெர்ட்டர்தான் வழி. வோல்ட் மீட்டரை மட்டும் அதுல கோக்காதீங்க, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் செத்தாலும் 12-ன்னே காட்டிக்கிட்டிருக்கும்! 24 வோல்ட் மீட்டரைத் தனியா வாங்குங்க. இன்ஜின் ஓடும்போது 28 பக்கம் நிக்கணும்.

—

மேல எழுதின அண்ணன் சொன்னதோட நானும் ஒண்ணு சேர்க்குறேன்: மீட்டர் விளக்கு வயரை நேரா சைடு லைட்டுல சேர்த்தா அங்க வர்றதும் 24 வோல்ட்தான், பல்பு போயிடும். சைடு லைட் கரன்ட்டால இயங்குற 24 வோல்ட் ரிலே சுவிட்ச் போட்டு, கன்வெர்ட்டர் 12-ஐ அது வழியா விடுங்க.

—

ஆயில் பிரஷர் சென்சார்லதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஜப்பான் இன்ஜின்ல பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை), இன்ச்சுக்கு 28 சுத்து. மீட்டரோட வர்ற சென்சார் பல நேரம் 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), 27 சுத்து. கையால ரெண்டு சுத்து நல்லாவே ஏறும், அப்புறம் இறுகும். அங்க ஸ்பேனரைப் போட்டு அழுத்தினா பிளாக்கோட மரை போச்சு. சரியான அடாப்டர் வாங்குங்க.

ஆயில் லாம்ப்பை எரிய வைக்கிற கம்பெனி சுவிட்ச்சைக் கழட்டி எறியாதீங்க, டி வடிவ இணைப்பு வெச்சு ரெண்டையும் வைங்க. ஆனா பித்தளை டி-ல கனமான சென்சாரை நேரா தொங்கவிட்டா டீசல் இன்ஜின் அதிர்வுல கழுத்து விரிசல் விடும், ஆயில் மொத்தமும் ரோட்டுல. சின்ன பிரஷர் ஹோஸ் போட்டு, சென்சாரைத் தனி பிராக்கெட்டுல பிடிங்க. ஒத்தை வயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த்து, அதனால பிராக்கெட்டுலேர்ந்து இன்ஜினுக்கு ஒரு வயர். மரையில டெஃப்லான் டேப்பைச் சும்மா சுத்தித் தள்ளினாலும் எர்த்து போயிடும்.

தண்ணிச் சூடு சென்சாருக்காக ரேடியேட்டர் ஹோஸை வெட்டி அலுமினிய அடாப்டர் வைக்கிறவங்களுக்கும் இதே கதை. ரெண்டு பக்கமும் ரப்பர், எர்த்து எங்கேர்ந்து வரும்?

—

ஹெட்லைட் போட்டதும் முள் நகருதா? சென்சார் மேல பழி போடாதீங்க. மீட்டர் எர்த்து டேஷ்போர்டு திருகுல, விளக்கு எர்த்தோட சேர்ந்து கிடக்கும். தனி வயரா இன்ஜின் பிளாக் வரைக்கும் இழுங்க. முள் எப்பவுமே ஒரே அளவுக்கு ஏறியோ இறங்கியோ காட்டினா, சென்சாரும் மீட்டரும் ஜோடி இல்லை, அதாவது ரெண்டோட ஓம் (மின்தடை) அளவும் பொருந்தலை. 10–180 ஓம் மீட்டருக்கு 240–33 ஓம் சென்சார் போட்டா முள் தலைகீழாவே ஓடும்.

—

கேபினைச் சாய்க்கிற லாரியில வயரை முன்பக்கக் கீல் வழியா, கம்பெனி வயர் கட்டோட (ஹார்னஸ்) சேர்த்துக் கொண்டுபோங்க. முழுசா சாய்ச்சு வெச்சு நீளத்தைப் பார்த்த பிறகுதான் கட்டணும். கேபிள் டையை முன்னாடியே இறுக்கினா முதல் சாய்ப்புலயே கனெக்டர் பிடுங்கிக்கும். டியூப் வழியா ஆயிலையே கேபினுக்குள்ள கொண்டுவர்ற மெக்கானிக்கல் மீட்டரை இந்த வண்டிகளுக்கு வாங்கவே வேண்டாம்.

நம்ம ஊர் வெயில்ல பழைய டேஷ்போர்டு பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓட்டை போடாம முன்கண்ணாடி ஓரத் தூண்ல (ஏ-பில்லர்) மாட்டுற கப்புல வைங்க, கண்ணாடிப் பார்வையை மறைக்காம. கரன்ட்டை இக்னிஷன் லைன்லேர்ந்து 3 ஆம்ப் ஃபியூஸ் போட்டு எடுங்க. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தா அதோட சீல் வெச்ச வயர்ல கை வைக்காதீங்க. வண்டிக்கு என்னிக்கு இன்ஸ்பெக்‌ஷனோ, பழைய ஆயில் லாம்ப் சாவி போட்டதும் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையுதான்னு அன்னிக்கே பார்த்துடுங்க.